இனிப்பு நீருக்குச் சத்து மாத்திரையா?

கோல சிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம் வரை தோட்டங்களிலும் தாமான்களிலும் பழகிப்போன காட்சி இது. ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நாற்காலி போடுகிறார்கள். இலவசமாக இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், மைலோ கொடுக்கிறார்கள். கடைசியில் மேசைமீது சத்து மாத்திரை டப்பாக்கள் ஏறுகின்றன. விலை நூறு, இருநூறு வெள்ளி. ‘இதைச் சாப்பிட்டால் இனிப்பு நீர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடலாம்’ என்கிறார் முகவர், மெல்லிய குரலில். இந்த வியாபாரத்துக்கு நம் மண்டபக் கதவை மூட வேண்டும் என்கிறோம்.

விட்டமினுக்கு நாம் எதிரிகள் அல்ல. அதன் வரலாற்றில் இந்த மண்ணுக்கே பங்குண்டு. அந்நாளைய மலாயாவில் ஈயச் சுரங்கச் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி கண்டு, கால் வீங்கி, மூச்சு வாங்கி மாண்டார்கள். தோட்டத்துத் தமிழரை அந்நோய் அநேகமாகத் தொடவில்லை. சீனர் தின்றது தீட்டிய பச்சரிசி, தமிழர் தின்றது புழுங்கல். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இதைக் கவனித்து 1907-இல் ஒரு நூலே எழுதினார். (அரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாக அவர் நினைத்தார், அது வேறு கதை.) அதற்குள் 1905-இல், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கிச் சோறு போட்டுப் பார்த்தார். தீட்டிய அரிசி உண்ட 120 பேரில் 43 பேருக்கு நோய் கண்டது, 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோய் இருந்தது இருவருக்குத்தான். அவர்களும் வரும்போதே அதோடு வந்தவர்கள். நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டிலுள்ள, பெரிபெரியைத் தடுக்கும் பி1 விட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் பெயர் தெரியாமலே செய்த வேலை அது.

அந்த பி1-ஐ 1936-இல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் நெல்லூரில் பிறந்தவர். கர்ப்பிணிகளுக்கு இன்று அரசாங்க கிளினிக் கொடுக்கும் ஃபோலிக் அமிலத்துக்கும் இப்படியொரு கதை உண்டு. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களிடையே இரத்தசோகை கண்ட கர்ப்பிணிகளை ஆராய்ந்த லூசி வில்ஸ், ஈஸ்ட் சாறு அவர்களைத் தேற்றுவதை 1931-இல் எழுதினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு, 1945-இல் அமெரிக்காவில் அந்தச் சாற்றிலிருந்த ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஏழைப் பெண்களின் நோயிலிருந்து பிறந்த மருந்து அது. தொழிற்சாலையில் செய்ய முடிந்ததால்தான் ஏழைக்கும் எட்டும் விலைக்கு வந்தது. ‘எங்களுடையது இயற்கை, அதனால்தான் விலை அதிகம்’ என்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம். நெல்லிக்காயில் இருக்கும் விட்டமின் சி-யும் தொழிற்சாலையில் செய்த விட்டமின் சி-யும் ஒரே பொருள்தான்.

விட்டமின் நம் தோட்டத்திலேயே விளைகிறது. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். செம்பனைக் குலையிலிருந்து ஆலையில் பிழியும் எண்ணெய் நல்ல சிவப்பு. கிலோவுக்கு 500 முதல் 700 மில்லிகிராம் வரை கரோட்டின் அதில் உண்டு. நம் உடல் அதைத்தான் விட்டமின் ஏ ஆக்கிக்கொள்கிறது. சுத்திகரிப்பில் அந்தச் சிவப்பு போய், மஞ்சள் எண்ணெயாகக் கடைக்கு வருகிறது. எண்ணெயின் விட்டமின் ஈ-யில் ஒரு பங்கைப் பிரித்தெடுத்து, கேப்சூலாக நல்ல விலைக்கு விற்கிறார்கள். குலை வெட்டியவர் வீட்டுக்கே அது டப்பாவில் திரும்பி வருவது கொடுமைதான்.

அளவு மீறினால் கெடுதலும் உண்டு. கர்ப்பக் காலத்தில் விட்டமின் ஏ அதிகமானால் குழந்தை ஊனமாகப் பிறக்கலாம். நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கலாம் என்று பின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களிடையே அந்நோய் கூடியதுதான் மிச்சம் என்று 1994-இல் தெரியவந்தது. லயத்து வாசலில் சிகரெட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பவரிடம் கரோட்டின் டப்பாவை நீட்டும் முகவர் இதைச் சொல்வாரா?

உண்மையில் சத்து மாத்திரை வேண்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நாட்டில் குழந்தை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் மூவருக்கு இரத்தசோகை என்றது சுகாதார அமைச்சின் 2019 ஆய்வு. இனிப்பு நீருக்கான மெட்ஃபோர்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்குவோருக்கு பி12 குறையலாம். நாட்டில் இனிப்பு நீர் அதிகம் உள்ள சமூகம் இந்தியர்களாகிய நாம்தான். இவர்களுக்கு முதலில் வேண்டியது இரத்தப் பரிசோதனை. ஒரு வெள்ளிக் கட்டணத்தில் அரசாங்க கிளினிக் இருக்கிறது, ஆனால் உட்புறத் தோட்டங்களிலிருந்து அங்கே போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். நடமாடும் கிளினிக் மாதம் ஒருமுறையாவது இந்தத் தோட்டங்களுக்கு வந்து இரத்தம் பார்க்க வேண்டும்.

இந்த வியாபாரத்தைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. இனிப்பு நீர், சிறுநீரக நோய், புற்றுநோய் ஆகியவற்றைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. டப்பாவில் எம்.ஏ.எல். பதிவு எண் இருக்கலாம். அது அரசாங்கத்தில் பதிந்த பொருள் என்பதற்கு அடையாளமே தவிர, நோயைத் தீர்க்கும் என்பதற்குச் சான்று அல்ல. மருந்தக அமலாக்கப் பிரிவு கடைகளோடு நிற்காமல், மண்டபங்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் தமிழில் நடக்கும் பேச்சையும் கண்காணிக்க வேண்டும். இத்தகைய விளம்பரங்களைப் பத்திரிகைகளும் வானொலிகளும் ஏற்கக் கூடாது.

கோயில் நிர்வாகங்களும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மண்டபம் கேட்டு வருகிறவரிடம், ‘எங்கள் சரக்கு இனிப்பு நீரைக் குணமாக்கும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தரமாட்டார். தந்தால், அந்தத் தாளை அப்படியே அமலாக்கப் பிரிவிடம் கொடுத்துவிடுங்கள்.