ஐந்து ஏக்கரை அழித்துவிட்டுக் கடல் பெரிது என்பதா?

கடல் பரந்தது, நாலு நத்தைக்காக ஆழ்கடல் சுரங்கத்தை நிறுத்த முடியாது என்று வாதிடுகிறார் அத்தகைய சுரங்கத்தை ஆதரித்து எழுதிய ஒரு கட்டுரையாளர். சுரங்கம் குறிவைக்கும் கடலடி வெந்நீர் ஊற்றுகள் தாமாகவும் அணைந்துபோகும், நத்தைகள் வேறு ஊற்றில் பிழைத்துக்கொள்ளும் என்றும் சொல்கிறார். முதல் வாதம் பொறுப்பற்றது. இரண்டாவது, ஒரு கடலின் கதையை இன்னொரு கடலின் தலையில் கட்டுவது.

செதில்பாத நத்தையையே எடுத்துக்கொள்வோம். 2001இல் இந்தியப் பெருங்கடலின் கைரேய் ஊற்றுகளில் கண்டறியப்பட்டது. 2,400 மீட்டருக்கும் கீழே வாழ்கிறது. அதன் ஓட்டின் வெளியடுக்கிலும், பாதத்தின் மேல் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும் செதில்களிலும் இரும்பு சல்ஃபைடு படிந்திருக்கிறது. அது இரை தேடி மேய்வதில்லை. உணவுக்குழாய்ச் சுரப்பியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள், ஊற்றுநீரின் வேதிப்பொருள்களைக் கொண்டு அதற்கு உணவு சமைக்கின்றன. ஊற்றை விட்டால் அதற்குச் சோறில்லை. கடல் எவ்வளவு பரந்திருந்து என்ன பயன்?

2019இல் இது அழியும் நிலையிலுள்ள உயிரினமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆழ்கடல் சுரங்க அபாயத்துக்காக அப்பட்டியலில் ஏறிய முதல் உயிரினம் இதுவே. அப்போது தெரிந்திருந்த வாழிடங்கள் மூன்று. மொத்தப் பரப்பு சுமார் 0.02 சதுர கிலோமீட்டர், அதாவது ஐந்து ஏக்கர். அவற்றில் இரண்டு சுரங்க ஆய்வு ஒப்பந்தப் பகுதிக்குள் கிடந்தன. பிறகு இந்தியப் பெருங்கடலின் கார்ல்ஸ்பர்க் கடலடி முகட்டிலும் இந்த நத்தை கண்டறியப்பட்டது உண்மை. அந்த முகட்டையும் கனிம ஆய்வு விட்டுவைக்கவில்லை.

ஊற்று அணைந்தால் உயிரினங்கள் இடம்மாறும் என்பது எந்தக் கடலின் அனுபவம்? எரிமலை அடிக்கடி வெடிக்கும் கிழக்குப் பசிபிக் முகட்டில் ஊற்றுகள் விரைவாக அணைந்து பிறக்கின்றன. உயிரினங்களும் சில ஆண்டுகளில் திரும்புகின்றன. ஆனால் தென்மேற்கு இந்திய முகடு உலகிலேயே மிக மெதுவாக விரிபவற்றில் ஒன்று; அங்கே ஊற்றுகள் அவ்வளவு விரைவாக அணைந்து பிறப்பதில்லை. அங்குள்ள லோங்சி ஊற்றுகளின் நத்தைகளுக்கும் மத்திய இந்திய முகட்டின் நத்தைகளுக்கும் இடையே மிகக் குறைந்த கலப்பே நடப்பதை மரபணு ஆய்வு காட்டிவிட்டது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து யார் வந்து மறுபடி குடியேறுவது? பசிபிக்கின் சான்றை இங்கே ஒட்டவைப்பது அறிவியலுக்குச் செய்யும் துரோகம்.

உலோகம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் உயிருள்ள ஊற்றுகளை உடைக்க அது அனுமதிச்சீட்டு ஆகாது. இந்த முகடுகளில் இந்தியாவுக்கும் ஆய்வு உரிமை இருக்கிறது. ஆழ்கடல் கலங்களைச் சென்னையின் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்குகிறது. ஆகவே நமக்கும் பொறுப்பு உண்டு. இயங்கும் ஊற்றுகளில் ஒருபோதும் தோண்டமாட்டோம் என்று இந்தியா இப்போதே அறிவிக்க வேண்டும்.