கேமரா போகாத பக்கம்

வாரக் கடைசியில் இங்கிலாந்துக் காற்பந்து ஓடாத மாமாக் கடை நம் ஊரில் குறைவு. கோல் அடித்தவர் யார், அவரை என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பதையெல்லாம் வீட்டுச் சிறுவனே சொல்லிவிடுவான். அவர் போட்டிருந்த ஜெர்சியைத் துவைத்து, மடித்து, உடைமாற்றும் அறையில் எடுத்து வைத்தவர் யார்? கேமரா அந்தப் பக்கம் போவதே இல்லை.

அந்தப் பக்கம் போகிற ஒருவரைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறேன். ‘சேப்ளின்’ என்று அழைப்பார்கள். மருத்துவமனை, சிறை, ராணுவம் போன்ற இடங்களில் ஆறுதலும் ஆன்மிகத் துணையும் தருகிறவருக்கு உள்ள பெயர்தான் அது. விளையாட்டுக் குழுக்களிலும் இவர்கள் உண்டு. பெரும்பாலும் சம்பளமில்லாத தொண்டு.

1977-ல் ஜான் பாயர்ஸ் என்ற பாப்டிஸ்ட் போதகர் வாட்ஃபர்ட் குழுவில் இந்தப் பணியைத் தொடங்கினார். பின்னர் மான்செஸ்டர் யுனைடெட்டிலும் பல ஆண்டுகள் இருந்தார். 1991-ல் இதற்கென ஓர் அமைப்பையே உருவாக்கினார். ஒரு சமயத்துக்கு மட்டும் உரிய வேலை என்றும் நினைக்க வேண்டாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக் கிராமத்தில் கிறிஸ்துவம், இஸ்லாம், யூதம், இந்து, பௌத்தம் என ஐந்து சமயங்களுக்கும் இடம் இருந்தது.

இவர்களுக்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. நலம் விசாரிப்பதில் தாமாக முந்திக்கொள்வார்கள். கடவுளைப் பற்றிக் கேட்டால்தான் வாய் திறப்பார்கள்.

சரி, இப்படி ஒருவர் புதிதாக ஒரு குழுவுக்குள் நுழைகிறார். முதலில் யாரிடம் போவார்? நட்சத்திர ஆட்டக்காரரிடம் என்றுதான் நாம் நினைப்போம். விஷயம் தெரிந்தவர் சலவை அறைக்குப் போவார். கிட்மேன், பிசியோ, சமையல்கார அம்மா, பஸ் ஓட்டுநர், திடலில் புல் வெட்டுகிறவர், வரவேற்பு மேசையில் இருக்கும் அக்கா. ஆட்டக்காரர்கள் வருவார்கள், போவார்கள். பயிற்றுநர் நாற்காலி அதைவிட வேகமாகக் காலியாகும். ஆனால் கிட்மேன் இருபது வருடமாக அங்கேயே இருப்பதுண்டு. எந்தப் பையன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது பயிற்றுநருக்கு முன்பே சமையலறைக்குத் தெரியும்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஆட்டக்காரரிடம் போய்ச் சேர இவர்களை ஏணியாகப் பயன்படுத்தினால், ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஓசி டிக்கெட்டுக்கும் ஆட்டோகிராப்புக்கும் சிரித்துப் பேசுகிறவர்களை வருடக்கணக்காகப் பார்த்தவர்கள் அல்லவா? அதனால் நல்ல சேப்ளின் எதையும் கேட்க மாட்டார். ஆட்ட நாளில் கோட்டு போட்டு நிற்பதைவிட, யாரும் எட்டிப் பார்க்காத செவ்வாய்க்கிழமை காலையில் போவார். கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே பேசுவார். அங்கே கேட்டது அவரோடு நின்றுவிடும்; பயிற்றுநர் கேட்டாலும் வெளியே வராது.

இந்த உறவுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? 2020-ஐ நினைத்துப் பாருங்கள். கோவிட்டால் ஆட்டங்கள் நின்றபோது, லிவர்பூல் விளையாடாத ஊழியர்களை அரசின் உதவித் திட்டத்தில் விடுப்பில் அனுப்பப் போவதாக அறிவித்தது. ரசிகர்கள் கொதித்ததும் சில நாளிலேயே பின்வாங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ஆர்சனல் 55 வேலைகளைக் குறைக்கத் திட்டமிடுவதாகச் சொன்னது. கோடிகள் புரளும் விளையாட்டில், பணம் சுருங்கினால் பயம் முதலில் போய் உட்காருவது கேமரா போகாத அந்த அறைகளில்தான். ஆட்டக்காரருக்கு ஏஜென்ட் இருக்கிறார். சலவை அறை அண்ணனுக்கு யார் இருக்கிறார்?

இன்னொன்று. 2012 மார்ச் 17 அன்று எஃப்ஏ கிண்ண ஆட்டத்தில் போல்டன் ஆட்டக்காரர் ஃபேப்ரிஸ் முவாம்பா திடலிலேயே சரிந்தார். 78 நிமிடங்கள் அவர் இதயம் தானாகத் துடிக்கவில்லை. மருத்துவக் குழு விடாமல் போராடியது, பிழைத்துக்கொண்டார். உலகமே முவாம்பாவுக்காகப் பிரார்த்தித்தது. நெஞ்சை அழுத்தி அழுத்தி உயிரைப் பிடித்து வைத்த கைகளுக்குச் சொந்தக்காரர்கள் அன்றிரவு எப்படித் தூங்கியிருப்பார்கள்? அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர் வேண்டும். முன்பின் தெரியாதவர் கேட்டால், “பரவாயில்லை, நல்லா இருக்கேன்” என்ற பதில்தான் வரும். செவ்வாய்க்கிழமைகளில் கூடை தூக்கியவர் கேட்டால்தான் உண்மை வரும்.

என் வானொலி வேலையிலும் இதைப் பார்க்கிறேன். காற்றில் போவது என் குரல். விடிகாலையில் கதவைத் திறந்துவிடும் பாதுகாவலர், ஒலிக்கலவையைச் சரிபார்க்கும் தம்பி, ஸ்டூடியோவைத் துடைத்து வைக்கும் அக்கா, இவர்கள் பெயரை நேயர்கள் கேட்டதே இல்லை. உங்கள் அலுவலகத்திலும் இப்படி நாலு பேர் இருப்பார்கள். உங்கள் பிள்ளையின் பள்ளிக் காற்பந்துக் குழுவிலும் இருப்பார்கள்: வேன் ஓட்டும் அங்கிள், திடலில் கோடு போடுகிறவர், தண்ணீர்ப் போத்தல் நிரப்பி வைக்கும் அம்மா.

இவர்களிடம் பேச நாம் சேப்ளினாக இருக்க வேண்டியதில்லை. தீபாவளிக்கு ஒரு பலகாரப் பொட்டலம் கொடுப்பது நல்லதுதான், ஆனால் அதோடு முடித்துவிடாதீர்கள். எந்த வேலையும் ஆக வேண்டியிராத ஒரு சாதாரண நாளில் போய்ப் பெயரைக் கேளுங்கள். மகளுக்குத் தேர்வு என்று சொன்னால், அடுத்த வாரம் மறக்காமல், “தேர்வு எப்படி எழுதினாள்?” என்று கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வியில்தான் பழக்கம் தொடங்குகிறது.