கான்கிரீட்டில் சேரும் கெமிக்கலை இங்கே சோதித்தார்களா?

மலாக்காவில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு இணைக்கட்டடமோ கோயிலுக்கு மண்டபமோ எழும்பும்போது, நிர்வாகக் கூட்டத்தில் தரை ஓட்டின் நிறம் பேசப்படும், நன்கொடையாளர் பெயர்ப் பலகை பேசப்படும். தளத்துக்கு ஊற்றப்போகும் கான்கிரீட்டில் என்ன கெமிக்கல் சேர்கிறது, அதை யார் சோதித்தார்கள் என்று கேட்பவர் அரிது. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தோட்டத்து மக்கள் ரிங்கிட் ரிங்கிட்டாகச் சேர்த்த பணம் அது. கேட்டே ஆக வேண்டும்.

கெமிக்கல் என்றதும் கலப்படம் என்று பயப்படத் தேவையில்லை. கோயில் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்தவர்கள் நம் முன்னோர். 1896இல் டான் சாய் யான் என்ற வணிகர் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் பயிரிட்டாரே, அதே ரப்பர் மரத்தின் பாலைச் சிமெண்டோடு கலக்கும் முறைக்கு 1920களிலேயே பிரிட்டனில் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். இன்று குளியலறைக் கசிவை அடைக்கக் கடையில் விற்கும் செயற்கை ரப்பர்ப் பால் அந்த வழியில் வந்ததுதான்.

கான்கிரீட்டுக்கு உண்மையான எதிரி தண்ணீர். ஒரு கன மீட்டரில் 330 கிலோ சிமெண்ட், 165 லிட்டர் தண்ணீர் என்றால் விகிதம் 0.50. லாரி வெயிலில் காத்திருந்து கலவை இறுகுகிறது, வேலையாட்கள் 20 லிட்டர் கூடுதலாக ஊற்றுகிறார்கள் என்று வையுங்கள். விகிதம் 0.56 ஆகிவிடும், வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போய்விடும். சிமெண்ட் எடையில் ஒரு விழுக்காடு அளவே சேரும் அட்மிக்சர் என்னும் கெமிக்கல், ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் சிமெண்ட் துகள்களைப் பிரித்துவிட்டு, அந்தத் தண்ணீர் இல்லாமலே கலவையை இளக்குகிறது.

அதை நிரூபிப்பது ஆய்வகத்தின் வேலை. கெமிக்கல் சேர்த்த கலவை ஒன்று, சேர்க்காதது ஒன்று என இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் அளக்கிறார்கள். 300 மில்லிமீட்டர் உயர இரும்புக் கூம்பில் மூன்று அடுக்காகக் கலவையைப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்தி, கூம்பை நேராகத் தூக்குவார்கள். கலவை எவ்வளவு சரிகிறது என்பதே அதன் இளக்கம். ஒரே இளக்கத்துக்குச் சாதாரண வகை 5 விழுக்காடு தண்ணீரையாவது குறைக்க வேண்டும். உயர்திறன் வகை 12 விழுக்காடு குறைக்க வேண்டும் என்கிறது ஐரோப்பியத் தர விதி இஎன் 934. பிறகு இறுகும் நேரம், 28ஆம் நாளில் கனசதுரக் கட்டியை நசுக்கிப் பார்ப்பது, குளோரைடு அளவு. கடைசியாகச் சொன்னதை இலேசாக எடுக்கக்கூடாது. சீக்கிரம் இறுகக் கால்சியம் குளோரைடு சேர்த்த பழைய கட்டடங்களில் கம்பி துருப்பிடித்ததைப் பார்த்துத்தான், 1977இல் பிரிட்டன் கம்பி போட்ட கான்கிரீட்டில் அதற்குத் தடை விதித்தது.

ஆனால் என் கவலை வேறு. கெமிக்கல் புட்டியோடு வரும் சான்றிதழ், சுமார் 20 பாகை குளிரில், தேர்ந்தெடுத்த சிமெண்டையும் மணலையும் வைத்துப் பெற்றதாக இருக்கலாம். மலாக்காவில் நண்பகல் வெயில் 32 பாகையைத் தொடும். கல்லுடைப்பு மணலில் களிமண் கொஞ்சம் இருந்தாலே, இப்போது பரவலாகப் புழங்கும் பாலிகார்பாக்சிலேட் வகை அட்மிக்சரை அது உறிஞ்சிக்கொள்ளும். கலவை அரை மணி நேரத்தில் கட்டிப்போகும். உடனே தண்ணீர்க் குழாய் திறக்கும். ஆகவே நம் சிமெண்ட், நம் மணல், நம் வெயில் மூன்றையும் வைத்து மாதிரிக் கலவை போட்டு, லாரி வந்து சேரும் நேரத்தையும் கணக்கிட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கூம்புச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். இதைச் செய்யாத சான்றிதழை நான் அரைச் சான்றிதழாகவே மதிப்பேன்.

மொத்தக் கட்டடச் செலவில் இந்தச் சோதனைக்கு ஆகும் தொகை மிகச் சிறியது. பள்ளி மேலாளர் வாரியங்களும் ஆலய நிர்வாகங்களும் குத்தகை ஒப்பந்தத்திலேயே இதை எழுதிவிடலாம். கான்கிரீட் ஊற்றும் நாளுக்கு முன்பே மாதிரிக் கலவை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அது மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டத்தில் இடம்பெற்ற ஆய்வகத்தின் அறிக்கைதானா என்றும் பாருங்கள். லாரி வந்ததும் யாரும் தண்ணீர் ஊற்றாமல் பார்த்துக்கொள்ள நிர்வாகத்திலிருந்து ஒருவரை அங்கே நிறுத்துங்கள்.