இலங்கைத் துறைமுகங்களின் கதி

கொழும்பு நகரில் கப்பல் கட்டுவதும் பழுது பார்ப்பதுமாகிய தொழிலை நடத்திவரும் கொழும்பு டாக்யார்டு கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கப்போவதாக, இந்திய சர்க்கார் பெரும்பங்கு வைத்திருக்கும் மும்பை மஸகான் டாக் கம்பெனி 2025-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அறிவித்தது. விலை ஏறக்குறைய 5 கோடி 30 லட்சம் அமெரிக்க டாலர். 1974-இல் தோன்றி, 1993 முதல் ஜப்பானிய ஒனோமிச்சி கம்பெனியாரின் ஆதிக்கத்தில் இருந்த ஸ்தாபனம் இது. பெரிய கப்பல்களை நிறுத்தி நீரை இறைத்துவிட்டுப் பழுது பார்க்கும் தொட்டிகள் நான்கு அதற்கு உண்டு. அண்மை வருஷங்களில் நஷ்டம் மிகுந்து, ஜப்பானியரும் கைவிடுவதென்று தீர்மானித்த பின்னரே நம்மவர் முன்வந்தனர்.

இச்செய்தி வெளியானதும், சீனாவுக்குத் தக்க பதில் கொடுத்தாயிற்று என்று நமது தேசத்தில் பலர் ஜயபேரிகை முழக்கினர். அந்தக் கோஷ்டியில் சேர நமக்குச் சம்மதமில்லை. வாங்கியது பிசகு என்பது நமது அபிப்பிராயமன்று. நல்ல காரியமென்றே கருதுகிறோம். ஆனால் எதற்காக மகிழ்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். கப்பல் பழுது பார்க்கும் தொழிலை நடத்தத் தெரிந்தவன் அதை வாங்கினான் என்று மகிழ்வது ஒன்று. பகைவன் வாங்காதபடி தடுத்தோம் என்று மகிழ்வது வேறொன்று. இரண்டாவது மகிழ்ச்சியினால் ஒரு கப்பலும் தொட்டிக்குள் வந்து நிற்காது.

இதை விளக்க அம்பாந்தோட்டையின் கதை ஒன்றே போதும். 2008-இல் வேலை ஆரம்பமாயிற்று. முதற் கட்டத்துக்குச் சீன ஏற்றுமதி இறக்குமதி பாங்கி 30 கோடி 70 லட்சம் டாலர் கடன் கொடுத்தது, வட்டி 6.3 சதம். 2010 நவம்பர் 18-ஆம் தேதி, அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷவின் 65-ஆவது பிறந்த நாளன்று, அவருடைய சொந்த ஜில்லாவிலேயே துறைமுகம் திறந்துவைக்கப்பட்டது. ஜனன தினத்துக்கும் துறைமுகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர் அரசியல் அறியாதவர்! கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பெரிய கப்பல் பாதை அங்கிருந்து பத்து மைல் தூரத்தில்தான் செல்கிறது என்பது மெய்யே. ஆனால் வீதியில் வண்டிகள் போகின்றன என்பதனால் மட்டும் சத்திரத்துக்கு ஆள் வந்துவிடுவதில்லை. 2012-இல் அத்துறைமுகத்துக்கு வந்த கப்பல்கள் 34. கொழும்புக்கு வந்தவை 3,600-க்கும் அதிகம். அதே வருஷத்தில் இரண்டாம் கட்டத்துக்கென்று மேலும் 75 கோடி டாலருக்கு மேல் கடன் வாங்கப்பட்டது.

2017 ஜூலையில், துறைமுகம் 99 வருஷக் குத்தகைக்குச் சீனா மெர்ச்சன்ட்ஸ் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. தொகை 112 கோடி டாலர். கடனைக் கட்ட முடியாமையால் துறைமுகத்தைச் சீனர் பறித்துக்கொண்டார்கள் என்று அன்றுமுதல் உலகமெங்கும் பேச்சு. வழக்கறிஞர் தொழிலில் தஸ்தாவேஜுகளை வாசித்துப் பழகிய நமக்கு இந்தப் பேச்சில் பாதியே சரியென்று தோன்றுகிறது. கடன் வேறு, குத்தகை வேறு. குத்தகைப் பணம் இலங்கையின் அன்னியச் செலாவணி இருப்புக்குச் சென்றது. துறைமுகக் கடனோ ரத்தாகவில்லை, சர்க்காரின் தலைமேலேயே நின்றது. அடமானம் வைத்தவன் சொத்தை இழந்தான் என்பதல்ல வழக்கு. நாலாபக்கமும் கடன்காரர் நெருக்க, கைக்குக் கிடைத்ததை விற்றுக் காசாக்கினான் என்பதே. அந்த நெருக்கத்திலும் பெருஞ்சுமை சீனக் கடனன்று. மேனாட்டுச் சந்தைகளில் விற்ற கடன் பத்திரங்களே. 2022 ஏப்ரலில் இலங்கை தன் அன்னியக் கடன்களைக் கட்டுவதை நிறுத்திவைத்தபோது இவ்வுண்மை அனைவருக்கும் புலனாயிற்று.

சரித்திரம் படித்தவர்களுக்கு இது புதிய கதையல்ல. 1875-இல் எகிப்து அதிபதி இஸ்மாயில், பணமுடையினால் சூயஸ் கால்வாயில் தமக்கிருந்த பங்குகளை ஏறக்குறைய 40 லட்சம் பவுனுக்கு பிரிட்டிஷ் சர்க்காருக்கு விற்றார். யாரும் ஜப்தி செய்யவில்லை, அவரே விற்றார். 1876-இல் எகிப்து திவாலாயிற்று. 1882-இல் பிரிட்டிஷ் பட்டாளம் வந்து இறங்கிற்று. அம்பாந்தோட்டைக்குச் சீனப் பட்டாளம் வரவில்லை. பாதுகாப்பு இலங்கைக் கடற்படையின் பொறுப்பென்றே ஏற்பாடு. எனினும் 2022 ஆகஸ்டு 16-ஆம் தேதி, இந்தியாவின் ஆட்சேபத்தையும் மீறி, 'யுவான் வாங் 5' என்னும் சீனக் கப்பல், விண்கலங்களையும் ஏவுகணைகளையும் தொடர்ந்து நோக்கும் கருவிகளுடன், அங்கே வந்து நின்றது. முதலில் வரவைத் தள்ளிவைக்கும்படி கேட்ட கொழும்பு சர்க்கார், சில தினங்களில் அனுமதி கொடுத்தது. திவாலான வீட்டுக்காரன் எந்த விருந்தாளியை வேண்டாமென்பான்?

இங்கே வாசகர்கள் அறியவேண்டிய ஒரு விசித்திரம் உண்டு. இந்தச் சீனா மெர்ச்சன்ட்ஸ் கம்பெனி 1872-இல் லீ ஹுங்-சாங் என்னும் மந்திரியின் முயற்சியால் ஸ்தாபிக்கப்பட்டது. சீன நதிகளிலும் கரைகளிலும் அன்னியர் நீராவிக் கப்பல்கள் லாபத்தை அள்ளிக்கொண்டு போவதைப் பொறாமல், சுதேசிகளுக்கென்று கப்பல் வேண்டும் என்றே அது எழுந்தது. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டதும் இதே உணர்ச்சியினால்தான். பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது; இலவசமாகக் குடைகூடக் கொடுத்தது. 1908-இல் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார். 1911-இல் கம்பெனி கலைந்தது. அங்கே சீனருடைய கம்பெனி பிழைத்தது, நம்முடையது பிழைக்கவில்லை. பிழைத்தது இன்று பிறன் துறையில் 99 வருஷக் குத்தகைதாரன். 1898-இல் ஹாங்காங்கை அடுத்த பிரதேசங்களை பிரிட்டிஷாருக்குச் சீனா எழுதிக்கொடுத்ததும் 99 வருஷத்துக்கே என்பதை அக்கம்பெனியின் டைரக்டர்கள் மறந்திருப்பார்களா?

சீனாவைக் குறைகூறும் நாம் நமது கணக்கையும் புரட்டிப் பார்க்கவேண்டும். அம்பாந்தோட்டையை முதலில் இந்தியாவுக்கே கொடுக்க முன்வந்ததாகவும், நாம் ஏற்கவில்லையென்றும் ராஜபக்ஷ அவர்களே சொல்லியிருக்கிறார். வியாபார லாபம் இராதென்று மறுத்திருந்தால் அது புத்திசாலித்தனமே. ஆனால் மறுத்துவிட்டுப் பின்னர் அங்கலாய்ப்பது அழகன்று. 2014-இல் சீன நீர்மூழ்கிக் கப்பல் இரு முறை கொழும்பில் சீனக் கம்பெனியின் துறைக்கே வந்து நின்ற பிறகுதான் புதுடில்லி விழித்தது. கொழும்பின் கிழக்குத் துறையை ஜப்பானுடன் சேர்ந்து அமைப்பதென்று 2019-இல் கண்ட ஏற்பாட்டை, துறைமுகத் தொழிலாளரின் கிளர்ச்சிக்குப் பின் 2021 பிப்ரவரியில் இலங்கை ரத்துச் செய்தது. அதற்கு ஈடாக மேற்குத் துறை அதானி கம்பெனிக்கு 35 வருஷத்துக்குக் கிடைத்தது. 2025 ஏப்ரலில் வேலையும் தொடங்கிற்று. தொழிலாளரின் கிளர்ச்சியை இந்தியத் துவேஷம் என்று தள்ளிவிடுவது எளிது. தங்கள் துறையைத் தாங்களே நடத்தவேண்டும் என்று சொல்பவனைத் துவேஷி என்று சொல்ல, சிதம்பரம் பிள்ளையின் தேசத்தாருக்கு நாக்கு எழக்கூடாது.

மற்றொன்று. கொழும்பில் கப்பல் மாற்றி ஏற்றும் சரக்கில் பெரும்பகுதி இந்தியச் சரக்கே. அதைத் திருப்பிக்கொள்ளவே நமது சர்க்கார் விழிஞ்ஞத்தில் துறைமுகம் கட்டி, 2025 மே மாதத்தில் திறந்துவைத்தது. அதில் குற்றமில்லை, நம் சரக்கை நம் துறையில் ஏற்ற நமக்குப் பூரண உரிமை உண்டு. ஆனால் கொழும்பின் பிழைப்பில் ஒரு பகுதியைக் குறைக்க முயன்றுகொண்டே அதன் கப்பல் தொட்டியை வாங்குகிறோம் என்பதை அயலார் கவனியாமல் இருப்பார்களா? அவர்கள் ஐயுறுவது இயல்பு. அந்த ஐயத்தைப் போக்குவது வாங்கியவனின் கடமை.

எங்ஙனம் போக்குவது? இந்தியக் கப்பல்களை அங்கே பழுது பார்க்க அனுப்பவேண்டும். வேலை இல்லாத தொட்டிக்கு எந்தக் கொடியும் சோறு போடாது. அங்குள்ள கம்மியரையும் என்ஜினீயர்களையும் வெளியேற்றாமல் காக்கவேண்டும். இந்திய யுத்தக் கப்பல்களுக்கு அங்கே தனிச் சலுகை எதுவும் ரகசிய ஷரத்தாகப் பேசப்பட்டிருக்குமானால் அதை இப்போதே வெளியிடவேண்டும். பேசப்படவில்லையெனில் அதையும் சொல்லிவிடவேண்டும். 99 வருஷக் குத்தகையைப் பழிக்கும் நாம் நமது ஒப்பந்தத்தை மூடிவைத்தால் நமது பேச்சுக்கு மதிப்பு ஏது? கொழும்பு டாக்யார்டு ஒப்பந்தத்தின் முழு வாசகமும், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், இரு தேசத்துப் பார்லிமெண்டுகளின் மேஜைமீதும் வைக்கப்படவேண்டும். நமது தென் ஜில்லாக்களிலிருந்து டில்லிக்குச் சென்றிருக்கும் அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைக் கேட்பார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.