சோலார் அத்தாப்: பேராக் வெயில் யாருடைய மின்கட்டணத்தைக் குறைக்கும்?

‘அத்தாப்’ என்றால் கூரை. தோட்டத்தில் வாழ்ந்த குடும்பங்களில் ‘அத்தாப்பு வீடு’ என்ற பேச்சு இன்னும் உண்டு. 2026 ஜனவரி 1 முதல் அந்தச் சொல் ஓர் அரசாங்கத் திட்டத்தின் பெயராகவும் ஆகிவிட்டது. வீட்டுக் கூரையில் சோலார் பலகை பொருத்துவோருக்கான ‘சோலார் அத்தாப்’ திட்டம்தான் அது. 2025 ஜூன் 30-உடன் முடிந்த ‘நெம் 3.0’ திட்டத்தின் இடத்தில் இது வந்திருக்கிறது.

“சோலார் போட்டா பில் குறையும்” என்று விளம்பரங்கள் சொல்கின்றன. குறையும்தான். ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே அளவில் குறையாது. ஈப்போவில் இரண்டு மாடி வீட்டுக்கும் சுங்கை சிப்புட்டில் ஒரு மலிவு விலை வீட்டுக்கும் கணக்கு வேறு வேறு.

திட்டம் எப்படிச் செயல்படுகிறது?

பகலில் பலகை தயாரிக்கும் மின்சாரத்தை முதலில் உங்கள் வீடு பயன்படுத்தும். மிச்சம் டி.என்.பி. கம்பிக்குப் போகும். அதற்கான தொகை அந்த மாத பில்லில் கழிக்கப்படும். வீடுகளுக்கான உச்ச வரம்பு, சிங்கிள் ஃபேஸ் இணைப்புக்கு 5 கிலோவாட், த்ரீ ஃபேஸ் இணைப்புக்கு 15 கிலோவாட்.

இங்கே ஒரு முக்கிய மாற்றம் இருக்கிறது. நெம் 3.0-இல் மிச்சக் கணக்கை அடுத்த மாதங்களுக்குக் கொண்டுபோக முடிந்தது. அத்தாப்பில் அது அந்த மாதத்தோடு முடிந்துவிடும். வெளியே அனுப்பும் ஒரு யூனிட்டுக்கு எரிசக்திக் கட்டணம் மட்டுமே கழியும். நீங்கள் வாங்கும் யூனிட்டிலோ கொள்ளளவுக் கட்டணமும் கம்பிக் கட்டணமும் சேர்ந்திருக்கும். ஆகவே பகலில் நீங்களே பயன்படுத்தும் மின்சாரத்துக்குத்தான் மதிப்பு அதிகம். துணி துவைப்பது, சோறு ஆக்குவது போன்ற வேலைகளைப் பகலுக்கு மாற்ற முடிந்தால் லாபம் கூடும்.

நம்ம வீட்டுக்குக் கட்டுப்படியாகுமா?

2025 ஜூலை 1-இல் நடப்புக்கு வந்த புதிய கட்டண முறையை வைத்து இரண்டு வீடுகளைப் பார்ப்போம்.

முதல் வீடு மாதம் 800 யூனிட் பயன்படுத்துகிறது. இரண்டு மூன்று ஏர்கோன் ஓடும் வீடு. பில் சுமார் 330 வெள்ளி. நம் நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் பலகை மாதத்துக்கு ஏறக்குறைய 100 யூனிட் தரும். 4 கிலோவாட் போட்டால் 400 யூனிட். பகலில் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து மாதம் 170 முதல் 220 வெள்ளி வரை மிச்சமாகலாம். பொருத்த 15,000 முதல் 20,000 வெள்ளி ஆகும் என்று வைத்துக்கொண்டால், போட்ட பணம் ஏழெட்டு ஆண்டுகளில் திரும்பிவிடும். பலகையோ 25 ஆண்டு உழைக்கக்கூடியது.

இரண்டாவது வீடு மாதம் 200 யூனிட் பயன்படுத்துகிறது. காற்றாடி, குளிர்சாதனப் பெட்டி, டிவி, அவ்வளவுதான். குறைவாகப் பயன்படுத்துவோருக்கான சலுகை போக பில் சுமார் 39 வெள்ளி. பில் முழுதும் இல்லாமல் போனாலும் ஆண்டுக்கு மிச்சம் 470 வெள்ளிக்குள்தான். அதே 15,000 வெள்ளி திரும்ப முப்பது ஆண்டுக்கு மேல் ஆகும். சிறிய அமைப்பைப் போட்டாலும் கணக்கு பெரிதாக மாறாது. இந்த வீட்டுக்காரர் கடன் வாங்கி சோலார் போட வேண்டிய அவசியம் இல்லை.

ஆக, கூரை சோலாரின் பணப்பலன் பெரிய பில் உள்ளவருக்கே முதலில் போகிறது.

சுற்றுச்சூழலுக்கு என்ன லாபம்?

இதில் பேராக்குக்கு நேரடித் தொடர்பு உண்டு. மஞ்சோங் கடலோரத்தில் இருக்கும் சுல்தான் அஸ்லான் ஷா மின் நிலையம் நாட்டின் மிகப் பெரிய நிலக்கரி மின் நிலையங்களில் ஒன்று. அதன் கொள்ளளவு 4,000 மெகாவாட்டைத் தாண்டும். எரிக்கும் நிலக்கரி கப்பலில் வருகிறது.

தீபகற்பத்தில் நாம் பயன்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் பின்னால் சுமார் முக்கால் கிலோ கரியமில வாயு இருக்கிறது. மேலே சொன்ன 4 கிலோவாட் வீடு ஆண்டுக்கு மூன்றரை டன் அளவுக்கு அதைத் தவிர்க்கிறது. 2023-இல் வெளியான தேசிய எரிசக்தி உருமாற்ற வரைபடம், 2050-க்குள் மின் உற்பத்திக் கொள்ளளவில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. அதில் பெரும்பங்கை சோலார்தான் சுமக்க வேண்டியிருக்கும்.

தோட்ட நிலத்தில் சோலார் வந்தால் வேலை வருமா?

பீடோரில் 50 மெகாவாட் சோலார் பண்ணைத் திட்டம் உண்டு. கிரியானில் சுமார் 1,000 ஏக்கரில் பசுமைத் தொழிற்பேட்டை அமைக்கும் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. அதில் பங்கேற்கும் தோட்ட நிறுவனத்தின் இன்றைய பெயர் எஸ்.டி. கத்ரி. ‘கத்ரி’ என்ற பெயர் நம் தாத்தா பாட்டிக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு மெகாவாட்டுக்கு சுமார் நான்கு ஏக்கர் என்றால், 50 மெகாவாட்டுக்கு 200 ஏக்கர். அவ்வளவு ரப்பர் இருந்தால் இருபது முப்பது பேராவது பால்மரம் வெட்டியிருப்பார்கள். சோலார் பண்ணையில் கட்டுமானக் காலத்தில் வேலை நிறைய இருக்கும். கட்டி முடித்த பிறகு பராமரிப்புக்கும் காவலுக்கும் சிலர் போதும்.

நிலையான வேலை இருப்பது கூரைகளில். பொருத்துவது, சோதிப்பது, பழுது பார்ப்பது. இதற்கு எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் தகுதிச் சான்றிதழும், சேடா எனப்படும் நிலைத்த எரிசக்தி மேம்பாட்டு வாரியத்தின் சோலார் பயிற்சியும் கைகொடுக்கும். எஸ்.பி.எம். முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் தம்பி தங்கைகள் இதைக் கவனிக்கலாம்.

சொந்தக் கூரை இல்லாதவர்களுக்கு?

பேராக்கில் மின்சாரத்தின் கதையே இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. 1930-இல் திறக்கப்பட்ட செண்டேரோ அணை கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்காகக் கட்டப்பட்டது. அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் எத்தனையோ தோட்டத்து லயங்களில் மாலையில் சில மணி நேரம் ஓடும் ஜெனரேட்டர் வெளிச்சம்தான். தோட்டம் தனியார் நிலம் என்பதால் கிராமப்புற மேம்பாட்டுத் திட்டங்கள் அங்கே எட்டவில்லை.

இன்று அடுக்குமாடி வீட்டில் அல்லது வாடகை வீட்டில் இருப்பவருக்கும் அதே நிலைமை. வெயில் இருக்கிறது, கூரை இல்லை. வீட்டுக் கூரையை ஓர் ஒருங்கிணைப்பாளருக்கு வாடகைக்கு விட்டு, அந்த மின்சாரத்தை அக்கம்பக்கத்தில் விற்கும் ‘கிரீம்’ என்ற முறையை அரசாங்கம் 2025-இல் அறிவித்தது. முன்பணம் போடாமல் கூரைக்கு வருமானம் என்பது நல்ல யோசனை. ஆனால் அந்த ஒருங்கிணைப்பாளர் யார் என்பதே முக்கியம்.

1960-இல் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்து தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். தனியாக வாங்க முடியாத நிலத்தைக் கூட்டாக வாங்கினார்கள். பேராக்கில் மட்டும் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பள்ளிகள் பகலில்தான் இயங்குகின்றன, அதாவது சோலாருக்கு மிகப் பொருத்தமான நேரத்தில். பள்ளி, கோயில், தாமான் கூரைகளை ஒன்றாகச் சேர்க்க ஒரு கூட்டுறவுக்கு வழி திறக்குமானால், 39 வெள்ளி பில் கட்டும் வீடும் இதில் பங்கு பெறும். அமைச்சிடமும் நம் சங்கங்களிடமும் இப்போதே கேட்க வேண்டியது இதைத்தான்.

கையெழுத்துப் போடும் முன்:

• கடந்த 12 மாத பில்லை எடுத்து, சராசரி யூனிட்டைப் பாருங்கள். 300-க்குக் கீழ் என்றால் அவசரம் வேண்டாம்.
• பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள், எது ஓடுகிறது என்று கணக்கிடுங்கள்.
• நிறுவனம் சேடாவில் பதிவு பெற்றதா என்று உறுதி செய்யுங்கள்.
• ‘பில் பூஜ்ஜியம்’ என்று யாராவது சொன்னால், எந்தக் கட்டண முறையை வைத்துக் கணக்குப் போட்டார் என்று கேளுங்கள். நெம் 3.0 கணக்கு அத்தாப்புக்குப் பொருந்தாது.