முதலில் பார்வையைக் கவனியுங்கள்



போன வாரம் சுசீந்திரத்தில் ஒரு விசேஷ வீடு. எந்த வீடு என்று கேட்காதீர்கள். அங்கே மூளை முடக்குவாதம் உள்ள எட்டு மாதக் குழந்தை, அம்மா முகத்தைப் பார்க்காமல் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தது. "கண்ணுல குறை இல்லைன்னு சொல்லிட்டாங்க அத்தை. முதல்ல நடக்கட்டும்" என்றாள் தாய். பெரியவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். சபையில் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

கண் நன்றாக இருப்பது வேறு, பார்வை நன்றாக இருப்பது வேறு. கண் வாங்கித் தருவதைப் புரிந்துகொள்வது மூளை. கை காலை இயக்கும் பகுதி பாதித்த குழந்தைக்குப் பார்வைப் பகுதியும் பாதித்திருக்கலாம். டார்ச் அடித்துப் பார்த்தால் அது தெரியாது.

பேசத் தெரியாத குழந்தைக்கும் பார்வையை அளக்கலாம். ஒரு பக்கம் கறுப்பு வெள்ளைக் கோடு, மறுபக்கம் வெறும் சாம்பல் நிறம் உள்ள அட்டையைக் காட்டி, கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார்கள். சொட்டு மருந்து விட்டு பவரும் பார்ப்பார்கள். இந்தக் குழந்தைகளில் பலருக்குக் கிட்டே உள்ளது தெளிவாகத் தெரியாது. கைக்குழந்தைக்கும் கண்ணாடி போடலாம். "இந்த வயசுல கண்ணாடியா" என்று சிரிக்கிற சொந்தக்காரர்கள் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளுங்கள்.

நடந்த பிறகு பார்க்கலாமாம்! எதிரே இருப்பது தெரியாத பிள்ளை எதைப் பிடிக்கக் கை நீட்டும்? எதைப் பார்க்கத் தலை தூக்கும்? பார்வை வளர்வதே முதல் சில வருடங்களில்தான். வீட்டுப் பயிற்சிக்குப் பெரிய செலவும் இல்லை. டிவியை நிறுத்துங்கள். கறுப்புத் துணிக்கு முன்னால் ஒரே ஒரு மஞ்சள் கிண்ணத்தை மெல்ல அசைத்துக் காட்டுங்கள். பிறகு பொறுமையாகக் காத்திருங்கள்.

நானும் யோக்கியம் இல்லை. என் வகுப்பில் காலை இழுத்து நடக்கும் ஒரு பையன் இருந்தான். சிலேட்டை எடுக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்புவான். "பராக்குப் பார்க்காதே" என்று அடித்திருக்கிறேன். பார்ப்பதையும் கை நீட்டுவதையும் சேர்ந்து செய்ய முடியாத பிள்ளைகள் உண்டு என்று ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன். பயிற்சியில் சொல்லித்தரவில்லை என்பது சாக்குத்தான்.

2013இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டப் பட்டியலில் கை கால் இயக்கக் குறைபாடும் உண்டு, பார்வைக் குறைபாடும் உண்டு. ஒன்றில் டிக் போட்டதும் மற்றதை ஏன் மறக்கிறோம்? ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் இதற்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. பரிசோதனை இலவசம்.

மூன்று மாதம் ஆகியும் குழந்தை முகம் பார்க்கவில்லையா? காத்திருக்காதீர்கள். "பார்வையை எப்படி அளந்தீர்கள்?" என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். வகுப்பில் கேள்வி கேட்கச் சொல்லித்தானே உங்களை வளர்த்தேன்.