ரெபரி படும் பாடு

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கால்பந்துப் பந்தயம் பார்க்கப் போயிருந்தோம். பந்தயத்தைக் காட்டிலும் அதன் முடிவில் நடந்த சண்டைதான் நேயர்களுக்குச் சொல்லத் தக்கது. ஆட்டம் முடியச் சில நிமிஷங்கள் இருக்கையில் ஒரு பையன் பந்தைக் கோலுக்குள் செலுத்தினான். ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். ரெபரியோ 'ஆப்ஸைட்' என்று கையைத் தூக்கிவிட்டார். "பந்து வந்து சேர்ந்தபோது அவனுக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்களே! எங்களுக்குக் கண் இல்லையா?" என்று கூச்சல் கிளம்பிற்று. வடகலை தென்கலை வழக்கைத் தலைமுறை தலைமுறையாக நடத்திய சின்னக் காஞ்சிபுரம் பக்கத்திலேயே இருக்கும்போது, ஒரு கோலுக்கு அரைமணி வாதம் அதிகமல்ல என்க.

இரண்டு பேர் நின்றது வாஸ்தவமே. ஆனால் பந்து வந்து சேர்ந்த சமயத்தைப் பற்றிச் சட்டம் கேட்பதில்லை. கூட்டாளி பந்தை உதைத்த க்ஷணத்தில் பையன் எங்கே நின்றான் என்றுதான் கேட்கிறது. எதிர்க் கட்சியின் பாதியில், பந்தையும், கோல் கீப்பரையும் சேர்த்துக் கடைசியிலிருந்து இரண்டாவதாக நிற்கும் எதிராளியையும் அப்போது கடந்து நின்றிருந்து, பிறகு ஆட்டத்தில் தலையிட்டால் குற்றம். சும்மா நின்றால் குற்றமில்லை. 1925-ஆம் வருஷம் வரையில் இரண்டு எதிராளிகள் போதாது, மூவர் வேண்டுமென்று இருந்தது. மூன்றை இரண்டாக்கினார்கள்; சண்டை மட்டும் குறையவில்லை.

ஜரிகையில் ஓர் இழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடும் கண்கள் நம் ஊர் நெசவாளர்களுடையவை. ஆயினும் எல்லாக் கண்களும் பந்தின் பின்னாலேயே ஓடிவிடுகின்றன. உதைத்த காலையும் ஓடிய ஆளையும் ஒருங்கே பார்ப்பது கோட்டோரத்தில் கொடி பிடித்து ஓடுகிறவருக்கே பிரயாசை. அன்றைக்கோ கொடிக்காரரே கிடையாது.

'அட்வான்டேஜ்' என்பது இன்னொரு கலகம். விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினால் குற்றம் செய்தவனுக்கே லாபமாகும் சமயங்கள் உண்டு. அப்போது ரெபரி கைகளை முன்னே நீட்டி ஆட்டத்தைப் போகவிடுவார்; சில விநாடிக்குள் அனுகூலம் கிட்டாவிட்டால் திரும்ப அழைப்பார். 2023 டிசம்பர் 3-ந் தேதி மான்செஸ்டர் நகரில் ஸைமன் ஹூப்பர் என்ற ரெபரி இப்படிப் போகவிட்டார். கிரீலிஷ் தனியே கோலை நோக்கி ஓடும் தருணத்தில் விசிலை ஊதியும் விட்டார்! பெரிய இடத்திலும் பிசகு நேரத்தான் செய்கிறது.

பிசகோ, சரியோ, அதற்காக மைதானத்தை விட்டே போய்விடலாமா? அதே வருஷம் மார்ச் 3-ந் தேதி பெங்களூர் கண்டீரவா மைதானத்தில் சுனில் சேத்ரி, எதிரிகள் தயாராகுமுன் ப்ரீ-கிக்கை உதைத்துக் கோல் போட்டார். விசிலுக்குக் காத்திருக்கும்படி ரெபரி சொல்லாத வரையில் அப்படி உதைக்கலாம். தவறிழைக்கப்பட்டவனுக்கு அனுகூலம் தருவதே அதன் நோக்கமும். கேரள பிளாஸ்டர்ஸ் கோஷ்டியார் வெளியேறினார்கள். கோல் அழியவில்லை, 4 கோடி ரூபாய் அபராதந்தான் மிஞ்சியது.

நம் ஊர் ரெபரி ஓர் இளைஞர். ஏச்சுகளையெல்லாம் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டார். கூட்டம் கலைந்ததும் விசிலைக் கழற்றிப் பந்தயம் நடத்தியவர்களிடம் கொடுத்து, "அடுத்த வாரம் வேறு ஆளைப் பாருங்கள்" என்றார். இவரைப் போன்றவர்கள் ஒவ்வொருவராக விலகினால் அப்புறம் ஆட்டமேது? இதை உரக்கவே சொன்னோம். உடனே அந்த விசிலை நம்மிடம் நீட்டினார்கள். முழங்கால் வலியைக் காரணம் சொல்லிவிட்டு வீடு திரும்பினோம்.